இரவானால் வைஃபை அறுந்துபோகிறது: ரூட்டரை மாற்றிவிடலாமா?

கேள்வி
பழைய வண்ணாரப்பேட்டையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த தெருவில், முதல் மாடியில் குடியிருக்கிறோம். பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் வைஃபை, இரவு 7 மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோவதால், பிளஸ் டூ படிக்கும் மகள் இணைய வகுப்பில் பாதிப் பாடத்தைத் தவறவிடுகிறாள். மூன்று முறை புகார் கொடுத்தும், லைன் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். புது ரூட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்
ஐயா, பணம் செலவழிப்பதற்கு முன், கோளாறு லைனிலா வைஃபையிலா என்று பிரித்துப் பாருங்கள். மடிக்கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரியையும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரியையும் விடாமல் பிங் செய்யுங்கள் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங்). ரூட்டர் பதில் தந்துகொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால், பெரும்பாலும் லைனில்தான் கோளாறு. ரூட்டரே பதில் தராவிட்டால் வைஃபையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேட்டவர்
நேற்று 7.40க்கு இரண்டுமே ஒன்றாக நின்றன. ரூட்டரின் விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தால் பத்தொன்பது ரூட்டர்கள் தெரிகின்றன. எங்களுடையதையும் சேர்த்துப் பதினொன்று 6ஆம் சேனலில் (வைஃபை அலைவரிசையின் ஒரு பிரிவில்) இருக்கின்றன. ரூட்டர் கூடத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொருவர் பதில்
பீரோவிலிருந்து தொடங்குங்கள், இரும்புத் தகடு அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். அடுத்தது சேனல். ஒரே சேனலில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும் என்பதால், தெருவில் எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பியதும் நெரிசல் கூடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. காலியாகத் தெரிகிறதே என்று 3ஐயோ 4ஐயோ தேர்ந்தெடுத்தால் இரு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனி வைஃபை பெயர் கொடுங்கள். சுவரைத் தாண்டினால் வலு குறையும் என்றாலும் அங்கே நெரிசல் குறைவு.

கேட்டவர்
ரூட்டரைக் கதவு நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டி, 11ஆம் சேனலுக்கு மாற்றி, அகலத்தையும் குறைத்தேன். மகளின் பழைய மடிக்கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இல்லாததால் அது 2.4லேயே இருக்கிறது. நேற்று 7 முதல் 10 வரை பிங் ஒரே ஒருமுறை நின்றது. அப்போது அடுக்களையில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்
உண்டு, ஐயா. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகிறது. வகுப்பு நேரத்தில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். புது ரூட்டர் தேவையில்லை.