ஐபிஎஸ் வயிறும் ஹோமியோபதிக் குளிசையும்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உவர்மலையான்

"கோபம் வந்தால் கத்துவீங்களா, இல்லாட்டி உள்ளுக்குள்ள வைச்சுக்கொண்டு இருப்பீங்களா?" என்று கேட்டார் வைத்தியர். நான் போனது வயிற்று உழைவுக்கு. அடுத்து, வெயில் ஒத்துக்கொள்ளுமா, இனிப்பு என்றால் ஆசையா, பயணத்துக்கு முதல் நாள் இரவே வயிறு கலக்கத் தொடங்குமா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிதான் சிரித்துக்கொண்டே "ஓம்" என்றாள்.

என் கதை இங்கே பலருக்கும் தெரிந்ததாகத்தான் இருக்கும். வேலை விஷயமாக அடிக்கடி கொழும்புக்குப் போக வேண்டும். பஸ் கந்தளாய் தாண்டுமுன் அடிவயிறு முறுக்கும். ஹபரணை வந்தால் உயிர் வந்த மாதிரி. கொழும்பில் கூட்டம் தொடங்க முன் இரண்டு தரம், முடிந்தபின் ஒரு தரம். பொது வைத்தியசாலையில் இரத்தம், மலம், ஸ்கான் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை, ஐபிஎஸ் (IBS) என்றார்கள், அதாவது பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாமலே குடல் கோளாறு பண்ணும் வருத்தம். வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மூன்று மாதமாக, வலியோடு சேர்ந்து மலம் போகும் தடவையோ பதமோ மாறுவது, தொடங்கி ஆறு மாதம் ஆகியிருப்பது என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் பொருந்தினேன். குடல் பிடிப்பைத் தளர்த்தும் மெபவரின் குளிசை எழுதித் தந்தார்கள். வலிக்கு உதவியது, கலக்கத்துக்கு உதவவில்லை.

மாமா ஒருவர் சொல்லித்தான் ஹோமியோபதிக்குப் போனேன். கள்ள வைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாட்டில் இதற்கென்று மருத்துவப் பேரவை வந்துவிட்டது, வெலிசறையில் அரச ஹோமியோபதி வைத்தியசாலையும் இருக்கிறது. நான் பார்த்தவரும் பதிவு செய்த வைத்தியர்தான். எனக்குக் கிடைத்த மருந்து ஆர்ஜென்டம் நைட்ரிகம் 30. கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். கையால் தொடாமல் மூடிக்குள் கொட்டி, அப்படியே நாக்கின் கீழ் போட வேண்டும். அதோடு ஒரு துண்டில் எழுதித் தந்தது: கோப்பி அறவே கூடாது, பச்சை வெங்காயம், உள்ளி கூடாது, மருந்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது, இரவுச் சாப்பாடு நேரத்தோடு.

சில மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது. ஆனால் என் கணக்கு வேறு. நாளுக்கு நாலைந்து கோப்பி குடித்தவன் நிறுத்தினேன். வெங்காயம் அள்ளிப் போட்ட சம்பல் நின்றது. கொழும்பிலிருந்து வந்து இரவு பதினொரு மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிடுவது நின்றது. வருடக்கணக்காக ஒருவரும் கேட்காத பயத்தை ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். உருண்டைக்கு இதில் எவ்வளவு பங்கு? கொடுக்க மனமிருந்தாலும் கொடுக்க இடமில்லை.

கிண்ணியா ரீச்சர்

உவர்மலையான் அண்ணா, உங்கள் கணக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் கோப்பியே குடிப்பதில்லை.

எனக்கு மலச்சிக்கல் வகை. மூன்று நாள், நாலு நாள் போகாது, வயிறு ஊதிப் பலூன் மாதிரி. போக வேண்டும் போல இருக்கும், போய் இருந்தால் ஒன்றும் வராது. பாடசாலையில் பிள்ளைகளோடு நிற்கும்போது அந்த அவஸ்தையை யாரிடம் சொல்வது? எனக்கு நக்ஸ் வோமிக்கா தந்தார்கள். சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை, கட்டுப்பாடு எதையும் ஒழுங்காகப் பிடிக்கவும் இல்லை, உம்மா சமைத்ததைத்தான் சாப்பிட்டேன். வயிறு இளகியது. நான் கண்டதை நான் சொல்கிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், மருந்து தொடங்கிய நேரம்தான் பரீட்சை வேலையெல்லாம் முடிந்து விடுமுறையும் வந்தது. அதையும் எழுதாவிட்டால் யாராவது கேட்பீர்கள்.

நோன்பு காலத்தில் இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு ஒன்று: நோன்பு திறந்தவுடன் சமோசா, ரோல்ஸ் என்று பொரித்ததில் கை வைக்காதீர்கள். பேரீச்சம்பழம் ஒன்றிரண்டோடு நிறுத்தி, கஞ்சியை மெதுவாகக் குடித்து, தொழுதுவிட்டு வந்து சாப்பிடுங்கள். எனக்கு எங்கள் ஊர் எருமைத் தயிர் ஒத்துக்கொள்ளும், பால் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் அப்படியா தெரியாது.

மருந்துக்கடைக்காரன்

ரீச்சர் சொன்னது தற்செயல் இல்லை. தயிராகப் புளிக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையின் ஒரு பகுதியைக் கிருமிகள் தின்றுவிடும். அதனால் பால் தாங்காத பலருக்குத் தயிர் தாங்கும்.

நான் ஆங்கில மருந்து விற்கிறவன், அதை முதலே சொல்லிவிடுகிறேன். 30 என்று போத்தலில் இருந்தால், ஒன்றுக்கு நூறு என்று முப்பது தரம் கலக்கியது என்று அர்த்தம். மூலப்பொருள் ஒரு பங்கென்றால், கலவை ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் பங்கு. பன்னிரண்டு தரம் தாண்டினாலே மூலப்பொருளில் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவது சந்தேகம். உவர்மலையான் சாப்பிட்டது பெயரில் வெள்ளி நைட்ரேட், வாயில் சீனி.

ஐபிஎஸ்சுக்கு ஹோமியோபதி பற்றிக் கொக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது 2013 இல், பிறகு 2019 இல் புதுப்பித்தது. அதில் எங்கள் ஆட்கள் ரசிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ரீச்சருக்கு உள்ள மலச்சிக்கல் வகைக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து பெருங்காயத்தில் செய்தது. இரண்டு வாரத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெற்றுக் குளிசையை விடக் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஆய்வுகள் பழையவை, சிறியவை, செய்த விதமும் தெளிவில்லை. அதை வைத்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது என்பதுதான் முடிவு. அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார ஆய்வுச் சபை 2015 இல் இன்னும் கறாராகச் சொன்னது: எந்த வருத்தத்துக்கும் ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

அதற்காக ரீச்சர் பொய் சொல்கிறார் என்று இல்லை. 2010 இல் அமெரிக்காவில் 80 ஐபிஎஸ் நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு "இது வெற்றுக் குளிசை, உள்ளே மருந்தே கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 வீதமானோர் போதிய சுகம் என்றார்கள், ஒன்றும் கொடுக்காதவர்களில் 35 வீதம். குடலும் மூளையும் அவ்வளவு கதைத்துக்கொள்கின்றன. இன்னொன்று, இந்த வருத்தம் கூடும், குறையும். மோசமான நேரத்தில்தான் எவரும் புது வைத்தியரிடம் போவார்கள். அதன்பின் எப்படியும் கொஞ்சம் இறங்கும், பெயர் அந்த நேரம் கையில் இருந்த மருந்துக்குப் போகும்.

ஒரு வேண்டுகோள். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்தால் "எனக்கென்ன பைத்தியமா" என்று திருப்பிக் கொண்டு வராதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவை விட மிகக் குறைவு அது. ஐபிஎஸ்சுக்கு உதவுகிறது என்று 2023 இல் இங்கிலாந்தில் செய்த பெரிய ஆய்விலும் வந்தது. டொக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில்.

மூதூர் மகன்

எல்லாரும் சிரித்துக் கதைக்கிறீர்கள், நான் வேறு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

வாப்பாவுக்கு அறுபது கடந்த பிறகுதான் வயிறு கோளாறு பண்ணத் தொடங்கியது. ஒருவர் நாடி பிடித்துப் பார்த்து, குடல் சூடு, உள்மூலம் என்று உருண்டை கொடுத்தார். யார், எவர் என்று எழுதப் போவதில்லை. மலத்தில் இரத்தம் என்று சொன்னபோது "வருத்தம் வெளியேறும்போது முதலில் கூடித்தான் குறையும்" என்று மருந்தை மாற்றினார். சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு வாப்பா மெலிந்த பிறகு நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் கட்டி. வெட்டினார்கள். இப்போது இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்?

கூடித்தான் குறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இரத்தம் போனால், காரணமில்லாமல் மெலிந்தால், நித்திரையில் எழுப்பும் அளவுக்கு வயிறு போனால், இரத்தச்சோகை என்றால், காய்ச்சல் விடாமல் இருந்தால், ஐம்பதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால், அதை ஐபிஎஸ் என்று நீங்களும் சொல்லாதீர்கள், வேறு ஆளையும் சொல்ல விடாதீர்கள்.

உவர்மலையான்

மூதூர் தம்பி, வாப்பா நலமாக இருக்க வேண்டும். நான் போன வைத்தியர் முதலில் கேட்டதே வைத்தியசாலை ரிப்போர்ட்டைத்தான். அது இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவாராம். எல்லாரும் அப்படி இருந்தால் நல்லது.

சாப்பாடு பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த ஃபொட்மாப் முறைதான் எனக்குக் கை கொடுத்தது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல், கீழே போய்ப் புளித்து, வாயுவையும் தண்ணீரையும் கூட்டும் சில வகைச் சர்க்கரைகளைக் குறைப்பது. அவர்கள் பட்டியலில் உள்ளி, வெங்காயம், கோதுமை, பால் முன்னுக்கு நிற்பதைப் பார்த்ததும் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. பாதிப் பட்டியலை வைத்தியர் வேறு காரணம் சொல்லி ஏற்கெனவே எழுதியிருந்தார்!

எங்கள் சாப்பாட்டில் இது அவ்வளவு கஷ்டமில்லை. பாணை விட்டு அரிசிமா இடியப்பம், கோதுமைமாப் பிட்டுக்குப் பதில் அரிசிமாப் பிட்டு. சொதியில் வெங்காயம் போடாமல் வெந்தயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். உள்ளி வாசம் இல்லாமல் மீன் குழம்பு இறங்காது என்பவர்கள், முழுப் பல்லை எண்ணெயில் பொரித்து எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வயிற்றைக் கிளறும் பகுதி எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் நிற்கும். முக்கியமானது, இதை ஆயுள் முழுக்கப் பிடிக்கக் கூடாது. சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்து, எது உங்கள் எதிரி என்று பிடிக்க வேண்டும். எனக்கு வெங்காயம்தான் எதிரி. பருப்பு பாவம், அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை.

நிலாவெளித் தங்கச்சி

நக்ஸ் வோமிக்கா என்பது எங்கள் எட்டிக்கொட்டைதானாம், காஞ்சிரை என்றும் சொல்வார்களாம். அம்மம்மா வீட்டுக்குப் பின்னால் மரமே நிற்கிறது. அரைத்துத் தரட்டுமா என்று கேட்கிறா. குடிக்கலாமா அண்ணாமார்?

மருந்துக்கடைக்காரன்

ஐயோ தங்கச்சி, வேண்டவே வேண்டாம்! எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் இருக்கிறது. உடம்பு வில்லாக வளைந்து வலிப்பு வந்து மூச்சு நிற்கும் விஷம். போத்தலில் உள்ள 30 ஆபத்தில்லாதது, அதில் எட்டி இல்லை என்பதால்தான். சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்யாமல் தொடவே மாட்டார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், சந்தேகம் என்றால் அங்கே கேளுங்கள். அம்மம்மாவுக்கு ஏதாவது செய்து தந்தே ஆக வேண்டுமென்றால் சீரகத் தண்ணி அவித்துத் தரச் சொல்லுங்கள்.