ஐயாவின் எண்பதுக்கு ஒரு கதைப் புத்தகம்

குழு: பரமக்குடி வீடு

கயல்: எல்லோருக்கும் வணக்கம். திருக்கடையூரில் மண்டபம் முடிவாகிவிட்டது, ஐயர் சொன்ன சாமான் பட்டியலை அப்பா தனியாகப் போடுவார். இது வேறு விஷயம். தாம்பூலப் பையோடு கொடுக்க நம் வீட்டுப் பயணக் கதைகளைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று போன மாதம் பேசினோமே, வியாழக்கிழமைக்குள் அச்சகத்தில் கேட்கிறார்கள். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், இரண்டு ஃபாரம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கதை, ஒன்றரைப் பக்கம். அதோடு, உங்கள் கதையை அனுப்பிவிட்டு நின்றுவிடாதீர்கள், வேறு யாருடைய கதை கட்டாயம் வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். நம் வீட்டில் நல்ல கதை வைத்திருப்பவர்கள் தாங்களாக வாய் திறப்பதே இல்லை.

சித்தி: நல்ல யோசனை

பிரபு அண்ணன்: எத்தனை பிரதி?

கயல்: 300

பெரியப்பா: என் காசி யாத்திரையை உன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன் கயல். 11 பக்கம் வந்திருக்கிறது. எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு வண்டி நின்றது, எங்கே எஞ்சின் மாற்றினார்கள் என்பதெல்லாம் டைரியில் குறித்து வைத்திருந்தேன், 34 வருடம் ரயில்வேயில் இருந்தவன் எழுதினால் அதெல்லாம் இருக்க வேண்டும். குறைக்க வேண்டாம்.

சித்தப்பா: 11 பக்கமா

மானாமதுரை அத்தை: அண்ணே மற்றவர்களுக்கும் இடம் விடுங்கள்

மாமா: மச்சான் எழுதட்டும், அவர் ஒருவர்தான் குறித்து வைத்திருக்கிறார்.

கயல்: பெரியப்பா, முழுவதும் படித்துவிட்டேன். எட்டாம் பக்கத்தில் அப்பத்தா சேது மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, ரயிலில் இரண்டு ராத்திரியும் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார், பிரயாகையில் திரிவேணியில் கரைக்கும்போது ஒரு சிட்டிகையைத் துணியிலேயே விட்டுவிட்டார் என்று நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு வரிதான் கதை. அதை ஒன்றரைப் பக்கமாக எழுதித் தாருங்கள். ராமேஸ்வரத்து மண்ணைக் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடியும் என்பது எத்தனையோ வீட்டில் நடப்பதுதான். ஆனால் அந்த ஒரு சிட்டிகை நம் அப்பத்தா மட்டும் செய்தது.

பெரியப்பா: அது சின்ன விஷயம் அம்மா

கயல்: எனக்கு அதுதான் பெரியது.

சித்தி: மண்ணை ஏன் விட்டார்கள்? யாராவது கேட்டீர்களா?

பெரியப்பா: கேட்கவில்லை.

பிரபு அண்ணன்: என் ஓட்டு மாமாவுக்கு. நாக்பூர் லாரிக் கதை.

மாமா: அதெல்லாம் வேண்டாம்ப்பா

மானாமதுரை அத்தை: ஏன் வேண்டாம்? எழுதுங்கள். கல்யாணமான புதிதில் 23 நாள் ஒரு தகவலும் இல்லை. போன் கிடையாது. நான் தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையை எனக்கே அவர் ஒழுங்காகச் சொன்னதில்லை.

பிரபு அண்ணன்: தேங்காய் லோடு, மழை, தார்ப்பாய் கிழிந்தது, ஊர் பெயர் தெரியாத தாபாவில் ஒரு சர்தார் தன் தார்ப்பாயைக் கழற்றிக் கொடுத்தார். மாமா மறுபடி ஆறு தடவை அந்த ரோட்டில் போய் அதைத் திருப்பிக் கொடுக்கத் தேடியிருக்கிறார்.

சித்தி: இது எனக்குத் தெரியாதே!

மாமா: ஏழு தடவை. ஏழாவது தடவை கடை இருந்தது, அவர் இல்லை. மகன் வாங்கிக்கொண்டான்.

கயல்: மாமா, இப்போது போட்டீர்களே, இதே மாதிரி எழுதுங்கள் போதும்.

சித்தப்பா: ஊட்டி ரயில் வேண்டாமா?

சித்தி: ஐயோ, இட்லிப் பொட்டலம்

பெரியப்பா: எழுதுவதானால் சரியாக எழுத வேண்டும். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது, ஊட்டி வரை 1908இல். ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும், முன்னால் இருந்து இழுக்காது. கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பட்டை இருக்கும், எஞ்சினில் உள்ள பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், அங்கேதான் நடந்தது.

சித்தப்பா: குரங்கு 40 இட்லியையும் கொண்டுபோனது. நீங்கள் எஞ்சினைப் பார்க்க இறங்கியதால்.

பெரியப்பா: பொட்டலத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்தது யார்?

சித்தி: அன்றைக்கும் இதே சண்டை

மானாமதுரை அத்தை: அப்பத்தாவின் தூக்குச்சட்டியும் அந்தப் பயணத்தில்தான் போனது. இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை.

பிரபு அண்ணன்: சமையல்காரர் கேட்கிறார், காலையில் 250 பேரா 300 பேரா?

சித்தி: 250 போதும்

மானாமதுரை அத்தை: 300 சொல்லுங்கள், என் வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு வேன் வருகிறது

பிரபு அண்ணன்: சரி அப்புறம் சொல்கிறேன்.

கயல்: இலைக் கணக்கை அந்தக் குழுவில் பேசலாம், தயவுசெய்து. ஐயாவின் கதை எது? அவர் இல்லாமல் எப்படிப் புத்தகம் போடுவது?

சித்தப்பா: ஐயா எங்கே பயணம் போனார்? 2018இல் தனுஷ்கோடிக்கு வேன் பிடித்து எல்லோரும் போனோம். அரிச்சல்முனை வரை புது ரோடு போட்டிருந்தார்கள். அவர் மட்டும் ராமேஸ்வரத்தில் சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டோம்.

சித்தி: மூட்டு வலி என்றார்

சித்தப்பா: மறுநாள் கோயிலில் 22 தீர்த்தமும் நடந்தே ஆடினார். எங்களோடு வர மனமில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது.

மானாமதுரை அத்தை: உனக்கு ஐயா மேல் சங்குக் கோபம்

சித்தப்பா: இருக்கத்தான் செய்யும். ஆறு வயதுப் பிள்ளை, பூஜை அலமாரியில் இருந்த ஒரு சங்கை எடுத்து விளையாடி ஓரம் உடைந்தது. அதற்கு அப்படி அடித்தார். வாழ்க்கையில் வேறு எதற்கும் எங்கள் யாரையும் அவர் கை நீட்டி அடித்ததில்லை. ஒரு சங்குக்கு அடித்தார்.

அருண்: நான் இப்போது ஐயா பக்கத்தில்தான் இருக்கிறேன். இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

சித்தப்பா: ஏண்டா அதை வாசித்தாய்

அருண்: ஐயா பேசுகிறார், நான் டைப் செய்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

பெரியப்பா: அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், இளையவர்களுக்குத் தெரியாது. 1964 புயலுக்கு முன்பு போட் மெயில் என்ற ரயில் எழும்பூரில் இருந்து நேராகத் தனுஷ்கோடிக்கு வரும். அங்கே துறையில் இர்வின், கோஷன் என்ற கப்பல்களில் ஒன்றில் ஏறித் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரைக் கடல் அடித்துக்கொண்டு போனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் போயின, கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி நின்றது. ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். தனுஷ்கோடிக்கு மட்டும் அதன் பிறகு ரயிலே போகவில்லை.

அருண்: ஐயா சொன்னது:
"எனக்கு 18 வயது. பெரியம்மா மகன் கொழும்பில் கடை வேலைக்குத் திரும்பிப் போனான், வழியனுப்ப நானும் அப்பாவும் பரமக்குடியில் வண்டி ஏறினோம். பாம்பன் தாண்டியதும் ஜன்னல் வழியாக மணல் வந்து விழுந்தது, பெஞ்சு முழுக்க மணல், வாயிலும் மணல். ஸ்டேஷனில் இறங்கினால் கருவாட்டு வாசனை, நிலக்கரிப் புகை, கப்பல் ஊதுகிற சத்தம். அண்ணன் கப்பல் ஏறப் போனதும் அப்பா அழுதுகொண்டு தனியாக நின்றார், நான் டீக்கடைக்குப் போனேன். என் வயதுப் பையன் ஒருவன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. இரண்டு பேரும் கரையில் நடந்தோம், ஒரு பக்கம் கடல் சும்மா கிடந்தது, மறுபக்கம் அலை அடித்தது. காசு கேட்காமல் ஒரு சங்கு கொடுத்தான். அடுத்த தடவை வரும்போது பரமக்குடியில் இருந்து அவன் அம்மாவுக்கு ஒரு நூல் சேலை கொண்டுவரச் சொன்னான். சரி என்றேன். மறு வருடம் தைக்குப் போகலாம் என்று சேலை எடுத்து வைத்திருந்தேன். மார்கழியில் புயல் வந்துவிட்டது."

கயல்: ஐயா

மானாமதுரை அத்தை: அந்த நீலச் சேலையா? பெட்டி அடியில் மடிப்புக் கலையாமல் இருக்குமே?

அருண்: தலையாட்டுகிறார்.

சித்தி: அப்பத்தா அதைக் கட்டியதே இல்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

மாமா: பையன் பெயர்?

அருண்: கேட்டேன். பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லையாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பிரபு அண்ணன்: 2018இல் இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் வற்புறுத்தியிருக்க மாட்டோம்.

கயல்: சித்தப்பா இருக்கிறீர்களா?

கயல்: சித்தப்பா?

சித்தி: மாடியில் இருக்கிறார். கொஞ்ச நேரம் விடு.

பெரியப்பா: கயல், என்னுடையதை ஒன்றரைப் பக்கமாகக் குறைத்துவிடுகிறேன். அம்மா அந்த ஒரு சிட்டிகை சேது மண்ணை எங்கே வைத்தார் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அலமாரியில் சங்குக்குக் கீழே ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கும். நான் விபூதி என்று நினைத்திருந்தேன்.

மானாமதுரை அத்தை: அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது

கயல்: ஐயாவின் கதை முதல் கதையாகப் போகட்டும். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். அட்டையில் சங்கின் படம் போடலாமா?

மாமா: போடு. உடைந்த ஓரம் தெரிகிற மாதிரி.

சித்தப்பா: படத்தை நான் எடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை பரமக்குடி வருகிறேன், ஐயாவிடம் சொல்லு அருண்.

அருண்: சொன்னேன். சாப்பிடாமல் வரச் சொல்கிறார்.

சித்தி: நானும் வருகிறேன்

மானாமதுரை அத்தை: தூக்குச்சட்டிக் கதையை யார் எழுதுகிறீர்கள்?

பிரபு அண்ணன்: 250ஆ 300ஆ? மறுபடி போன் செய்கிறார்.