சிங்கிள் லெக்: கால் கைக்கு வருகிறது, ஆள் கீழே விழ மாட்டேன் என்கிறார்

நொண்டியாட்டம் கேட்டது:

ஜியு-ஜிட்சு ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, வெள்ளை பெல்ட், 68 கிலோ. நின்றபடி தொடங்குகிற ரவுண்டுகளில் எனக்குத் தெரிந்த ஒரே டேக்டவுன் (ஆளைக் கீழே போடுகிற உத்தி) சிங்கிள் லெக்தான், அதாவது ஒற்றைக் காலைப் பிடித்துப் போடுவது, அதுவும் பாதிதான் தெரியும். காலைப் பிடிப்பதில் பெரிய சிக்கல் இல்லை, பத்துக்கு ஐந்து தடவை பிடித்துவிடுகிறேன். அப்புறம் எதிராளி தத்தித் தத்தி மேட் முழுக்கச் சுற்றுகிறார், நானும் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு கூடவே போகிறேன், கடைசியில் ஒன்று அவர் காலை உருவிக்கொள்கிறார், இல்லையென்றால் என் கழுத்து கில்லட்டினில், அதாவது முன்பக்கமிருந்து போடுகிற கழுத்து நெரிப்பில், மாட்டுகிறது. நேற்று மட்டும் மூன்று முறை தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன், மூன்றும் கில்லட்டின்.

இன்னொன்று, உள்ளே நுழையும்போது முட்டியை மேட்டில் போட்டுப் போட்டு வலது முட்டி வீங்கிவிட்டது. மல்யுத்த வீடியோக்களில் எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்? பேசாமல் கார்டு புல்லோடு (நானே உட்கார்ந்து, கால்களை நடுவே வைத்துக் கீழிருந்து ஆடுவது) நிறுத்திக்கொள்ளலாமா?

பழைய மல்லன்:

தம்பி, கார்டு புல்லுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். காலைப் பிடித்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறாய், இல்லை, அங்கேதான் வேலையே ஆரம்பம். ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு இன்னொரு கால் ஊன்றியிருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அவன் அந்தப் பக்கம்தான் விழுவான். நேராகப் பின்னால் தள்ளினால் தத்திக்கொண்டே போவான், சின்ன வயதில் நொண்டி விளையாடாதவன் யார்?

காலை உன் தொடைகளுக்கு நடுவே இறுக்கு. கைகள் அவன் முட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டும், உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பிடி, விரல்களைக் கோக்காதே. முழங்கைகள் விலாவை விட்டு விலகினால் கிமுரா என்கிற தோள் பூட்டு வரும். காது அவன் நெஞ்சில், பார்வை மேலே. இப்போது தோளை அவன் தொடைமேல், முட்டிக்குச் சற்று மேலே வைத்து அழுத்திக்கொண்டே பின்னங்காலை வட்டமாக எடுத்து வை, கதவு திறக்கிற மாதிரி உன் உடம்பு முழுதும் திரும்ப வேண்டும். இதைத்தான் ரன்னிங் தி பைப் என்கிறார்கள். கையால் இழுக்கிற வேலை இதில் அநேகமாக இல்லை, உன் 68 கிலோவும் அந்தத் தொடைமேல் இறங்கினால் போதும், அவன் 80 கிலோ இருந்தாலும் உட்காருவான்.

கில்லட்டின் எங்கிருந்து வருகிறது என்றால், நீ தரையைப் பார்க்கிறாய். குனிந்த தலை என்பது கழுத்தைத் தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி. தலையை எதிராளியின் உடம்புக்கு வெளிப்பக்கம் வைக்கிற சிங்கிளும் உண்டு, அதை இப்போது தொடாதே, ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளில் வெள்ளை பெல்ட்டுக்கு அதற்கு அனுமதியும் கிடையாது.

அரைகார்டு:

முட்டி வீங்கியிருந்தால் முதலில் அந்த நுழைவை நிறுத்துங்கள், வீக்கம் வடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மல்யுத்தக்காரர்கள் எதிராளி தாழ்ந்து நிற்பதால் தாங்களும் தாழ்ந்து போகிறார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் நிமிர்ந்து, ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு, சட்டையைப் பிடிக்கிற கவனத்தில் நிற்பார்கள். அந்தக் காலை எடுக்க முட்டி போடவே தேவையில்லை. கி (ஜியு-ஜிட்சு உடை) போட்டிருந்தால் காலரைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுங்கள், விழாமல் இருக்க அவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைப்பார், அது தரையைத் தொடுகிற நேரத்தில் முட்டியை மடக்கி இறங்கி அள்ள வேண்டியதுதான். நோ-கி என்றால் காலருக்குப் பதில் பிடரி, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்க மல்யுத்த வீரர் ஜான் ஸ்மித் லோ சிங்கிளை வைத்தே 1988, 1992 ஒலிம்பிக் தங்கம் இரண்டையும் எடுத்தவர், கணுக்கால் உயரத்துக்கு இறங்கி நுழைவார், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். வீங்கின முட்டியோடு அந்த ஆசை வேண்டாம்.

அப்புறம் கார்டு புல் என்றால் ஏன் தோற்ற மாதிரி பேசுகிறீர்கள்? உட்கார்ந்த கார்டில் இருந்து எதிராளியின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு எழுந்தால் அதுவும் சிங்கிள்தான். ஜியு-ஜிட்சு உலகச் சாம்பியன் மார்செலோ கார்சியா எக்ஸ் கார்டில் (கீழே இருந்து எதிராளியின் ஒரு காலை இரு கால்களாலும் பின்னுகிற நிலை) இருந்து அப்படி எழுந்து வருவதைத் தேடிப் பாருங்கள். கீழே இருந்து எழுந்து ஆளைப் போட்டு மூன்று நொடி மேலே நிலைத்தால் ஸ்வீப் என்று 2 புள்ளி, டேக்டவுனுக்கும் அதே 2தான். முட்டிக்கும் அடி இல்லை.

உடும்புப்பிடி:

மல்லன் அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் தலையாட்டுவேன். பைப் நல்ல முடிப்புதான், ஆனால் எதிராளி உங்கள் கைக்கு மேலாக விஸ்ஸர் போட்டு (தன் கையைச் சுற்றிப் பூட்டி) இடுப்பைத் திருப்பிவிட்டால் தோளை வைக்கத் தொடையே கிடைக்காது. அந்த நேரத்திலும் காலைத் தொடைகளுக்கு நடுவிலேயே பத்திரமாக வைத்திருந்தால் உச்சிமாட்டா (தொடைக்கு உள்ளே காலை வீசி ஆளை எறிகிற ஜூடோ உத்தி) வரும். ஜூடோ பழகிய ஒருவர் எனக்கு அதை ஒரே பாடத்தில் புரியவைத்தார், நடுவில் கூரையைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. விஸ்ஸர் விழுந்ததும் காலை வெளிப்பக்கம் எடுத்து உயரத் தூக்குங்கள், கணுக்கால் உங்கள் அக்குளுக்குள் வரட்டும், பிறகு ஊன்றியிருக்கிற காலைப் பாதத்தால் வாரிவிடுங்கள். அல்லது மறு காலும் எட்டினால் டபுள் லெக்குக்கு மாறுங்கள்.

எந்த முடிப்பானாலும் பழகுகிற முறையை மாற்றாவிட்டால் பயன் இல்லை. நுழைவை ஐம்பது தடவை செய்து பார்க்கிறோம், பிடித்த பிறகு என்ன என்பதை யாரும் பழகுவதில்லை. கால் ஏற்கெனவே கையில் இருக்கிற நிலையிலேயே ரவுண்டைத் தொடங்குங்கள், இரண்டு நிமிடம், அவர் உருவப் பார்க்கட்டும், நீங்கள் போடப் பாருங்கள், பிறகு ஆள் மாற்றுங்கள். முதல் நாள் எல்லாமே தோல்வியாகத்தான் இருக்கும்.

பழைய மல்லன்:

விஸ்ஸர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு மாதப் பையனுக்கு ஒரே நாளில் மூன்று முடிப்பு கொடுத்தால் நடு மேட்டில் காலைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பான். முதலில் பைப், அது வராத இடத்தில் தூக்கு.

நொண்டியாட்டம்:

பத்து நாள் கழித்து வருகிறேன். கால் கையில் இருக்கிற மாதிரியே தொடங்கிப் பழகினோம், நண்பனை வீடியோ எடுக்கச் சொன்னேன், பார்த்தால் சிரிப்பு வந்தது. நான் முட்டிக்குப் பின்னால் பிடிக்கவே இல்லை, பாதி நேரம் கெண்டைக்காலைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. அதனால்தான் தலை தானாகக் குனிகிறது. பிடியை மேலே ஏற்றியதும் பைப் இரண்டு முறை விழுந்தது, அதில் ஒருவர் 82 கிலோ. கில்லட்டின் ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன். ஆனால் இடது பக்கக் காலைப் பிடித்தால் எல்லாமே மறந்துபோகிறது, அதையும் இப்போதே பழக வேண்டுமா?

பழைய மல்லன்:

வேண்டாம். நான் 11 வருடமாக ஒரே பக்கம்தான்.