செடான் காரின் அழகு எந்த இடத்தில் இருக்கிறது?

அஸ்தம்பட்டி வாசி:
அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக ஓட்டிவந்த ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு ஒரு செடான் வாங்க எண்ணியிருக்கிறேன். இன்ஜின், மைலேஜ் பற்றிய ஐயங்கள் தீர்ந்துவிட்டன. தோற்றம் பற்றியதுதான் தீரவில்லை. சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது சில கார்களைத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அவற்றைவிடக் கூடுதலாகக் குரோம் பூண்ட வேறு சில கார்களோ கண்ணில் நிற்பதே இல்லை. என் மனைவி இதை முகராசி என்கிறார். அதற்கு மேல் காரணம் ஏதேனும் உண்டா? நீளத்தில் நான்கு மீட்டருக்கு உட்பட்டது, மேற்பட்டது என இரண்டு வகையையும் பார்த்துவருகிறேன்.

மெய்யனூர் பட்டறை:
ஐயா, நான் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்துபவன். கிரில்லையும் ஹெட்லைட்டையும் சற்று மறந்துவிட்டு, இருபதடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பானெட், ஆட்கள் அமரும் கூடு, டிக்கி என்ற மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டும். ஆனால் ஒட்டவைத்தாற்போல் இருக்கக் கூடாது. கூரை சரிந்து, பின்கண்ணாடியாகி, டிக்கியோடு சேர்கிற அந்த ஒரு சாண் இடத்தில்தான் பெரும்பாலான செடான்கள் தேறுகின்றன அல்லது தோற்கின்றன.

அடுத்தது சக்கரம். முன்கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட வண்டிக்கு ஒரு கம்பீரம் வருகிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டெஸா காரை இன்றும் மக்கள் நின்று பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். அதில் இன்ஜின் நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரத்தை ஓட்டியது. இன்றைய செடான்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்கே அமர்ந்து முன்சக்கரத்தை ஓட்டுவதால், அச்சக்கரம் கதவை நெருங்கிவிடுகிறது. டயருக்கும் அதன் மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சுக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தால், எந்த அலாய் வீலும் அதைக் காப்பாற்றாது.

முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை கதவுகளின் மேல் ஓடும் தோள் கோட்டையும் கவனியுங்கள். ஒடுக்கு எடுத்த பிறகு டியூப்லைட்டின் பிம்பம் அந்தக் கோட்டில் ஒடியாமல் ஓடுகிறதா என்றுதான் நாங்கள் சரிபார்ப்போம். நல்ல செடானில் அந்த ஒளி ஒரே இழையாகப் போகும். தேவையற்ற மடிப்புகள் நிறைந்த வண்டியில் சிதறிவிடும்.

ஓமலூர் சாலை:
மெய்யனூர் நண்பர் சொன்னதற்குப் பின்னால் வரிக்கணக்கும் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. 2008இல் வந்த மாருதியின் ஸ்விஃப்ட் டிசையர் செடான் 4,160 மி.மீ. நீளம் இருந்தது, 2012இல் 3,995 ஆகச் சுருங்கியது. வெட்டு விழுந்தது டிக்கியில். ஆட்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதால் உயரத்தைக் குறைக்க முடியாது. ஆகவே நீளம் குறைந்து உயரம் நிற்கும்போது வண்டி எழும்பித் தெரிகிறது. இப்போதைய டிசையரின் உயரம் 1,525 மி.மீ., நீளம் 3,995. ஹூண்டாய் வெர்னாவின் உயரம் 1,475, நீளம் 4,535. கண்ணுக்குப் படும் வேறுபாடு இந்த எண்களில்தான் இருக்கிறது. டாடா டிகோரில் கூரையைச் சரித்து இறக்கி அந்த நீளக் குறைவை மறைத்தது எனக்குப் பிடித்த தீர்வு, மற்றவர்கள் மறுக்கலாம்.

சேர்வராயன் அடிவாரம்:
இருவரும் சமதளத்திலேயே நிற்கிறீர்கள். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறவனுக்குத் தாழ்ந்த மூக்கு அவ்வளவு அழகாகத் தோன்றாது. தோற்றத்துக்காக ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்திய உறவினர் ஒருவர், பம்பரின் அடிவிளிம்பை ஒரு வேகத்தடையிலேயே விட்டுவிட்டு வந்தார். பெரிய அலாய், மெல்லிய டயர் என்ற சேர்க்கை ஷோரூமில் அழகுதான். எஸ்டேட் சாலையின் குழிகளில் முதலில் வளைவது அந்த ரிம்தான். நிறத்தையும் யாரும் சொல்லவில்லை. தோள் கோடு வெள்ளி, சாம்பல் நிறங்களில் தெளிவாகத் தெரியும். வெள்ளையில் உச்சிவெயிலில் கரைந்துவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:
மிக்க நன்றி. நேற்று ஷோரூமுக்கு வெளியே இருபதடி தள்ளி நின்று பார்த்தோம்; காவலாளி எங்களை ஐயத்துடன் பார்த்தார். நான் மனத்தில் வைத்திருந்த சிறிய செடான் டிக்கியருகே தோற்றுவிட்டது. நான்கு மீட்டருக்கு மேற்பட்டதையே எடுக்கிறோம், சாம்பல் நிறத்தில். பதினாறு அங்குல ரிம்மே போதும் என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்.