1929 குற்றப்படம், வைட்டஃபோன் தட்டு: 9 ஃப்ரேம் எங்கே போனது?

அமெரிக்கக் குற்றப்படம் ஒன்றின் மூன்றாவது ரீல், ஒலித்தடம் இல்லாத 16 மிமீ நகல். ஒலி தனியாக, வைட்டஃபோன் முறையில் படத்தோடு கூடவே ஓட்டிய 16 அங்குல ஒலித்தட்டிலிருந்து எடுத்த வேவ் (டிஜிட்டல் ஒலி) கோப்பு. படமும் தட்டும் வெவ்வேறு கைகளுக்குப் போய்விட்ட இந்தக் காலத்துப் படங்களை மறுபடி பேச வைப்பதற்காகவே பலர் இவற்றைத் தேடுகிறோம். அந்த அறை இரைச்சலும், வசனத்துக்கு முந்தைய நீண்ட மௌனமும் வேறெதிலும் கிடைக்காது.

படம் நொடிக்கு 24 ஃப்ரேம், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, இரண்டும் சரிபார்த்தாயிற்று. தொடக்கத்தில் உதடும் குரலும் கச்சிதம். ரீல் முடிவில் ஒலி 23 ஃப்ரேம் பின்தங்குகிறது.

முதலில் ஒலியை மொத்தமாகச் சுருக்கிப் பார்த்தேன். இரு முனையும் பொருந்தின, நடுவில் உதடு தப்பியது. பிறகு நகலில் கைக்குத் தட்டுப்படும் மூன்று ஒட்டுகளில் (அறுந்த ஃபிலிமைச் சில ஃப்ரேம் இழந்து ஒட்டிய இடங்கள்) தொலைந்தவற்றுக்கு ஈடாகக் கறுப்பு ஃப்ரேம் சேர்த்தேன்; 14 சரியானது. மீதி 9, நாலாவது நிமிடத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் தொலைகிறது. அங்கே ஒட்டே இல்லை. மூல 35 மிமீயில் இருந்த ஒட்டு அப்படியே அச்சாகியிருக்க வேண்டும். ஃப்ரேமின் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இரண்டு இடங்களில் தெரிகிறது. ஃப்ரேம் விடுபட்டதைக் கணக்கிட உதவும், ஃபிலிம் ஓரத்து விளிம்பு எண்கள் அச்சாகவில்லை. அந்த நிமிடம் முழுக்கக் கும்பல் காட்சி, யார் உதடும் தெரியாது. கதவடிப்போ துப்பாக்கி வெடியோகூட இல்லை, பின்னணி இசை மட்டும்.

இந்த 9 ஃப்ரேமை அந்த இரண்டு கோடுகளுக்கும் எந்தக் கணக்கில் பிரிப்பது?