மறு: ‘மைட்’ என்பதற்குத் தமிழில் என்ன? சிலந்தி வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

பயிரிலும் பிற இடங்களிலும் வாழும், பூச்சி இனத்தைச் சேராத மிகச் சிறிய உயிரியான ‘மைட்’டை (mite) அச்சில் ‘சிலந்தி’ என்றே எழுதிவருகிறோம்; நம் சொற்பட்டியலில் அதற்கு வேறு சொல் வேண்டுமா என்பதுதான் கேள்வி. இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாமல், முடிவெடுக்க உதவும் நாலு கருத்துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

> மைட்டும் சிலந்தியும் ஒரே வகுப்பு, இரண்டுக்கும் எட்டுக் கால். செஞ்சிலந்தி, மஞ்சள் சிலந்தி என்று பல வருடமாக அச்சில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

தேளும் அதே வகுப்புதான் ஐயா, அதற்கும் எட்டுக் கால்தான். அதை யாரும் சிலந்தி என்பதில்லை. கால் கணக்கும் அவ்வளவு உறுதியானதில்லை. முட்டையிலிருந்து வரும் மைட் குஞ்சுக்கு ஆறு கால்தான், தோலுரித்த பிறகுதான் எட்டு. தென்னையைப் பிடித்த ஈரியோபைட் என்ற மைட் வகைக்கோ வாழ்நாள் முழுக்க நாலே கால். கால் மில்லிமீட்டர் நீளத்தில் புழு மாதிரி இருக்கும் அதைச் சிலந்தி என்றால் உருப்பெருக்கியில் பார்த்தவர் சிரிப்பார்.

என் கவலை வகைப்பாட்டைப் பற்றியது இல்லை. ஒரே துண்டறிக்கையில் ஒரு பக்கம் ‘சிலந்தியைக் காப்பாற்று’ என்றும் மறுபக்கம் ‘சிலந்திக்கு மருந்தடி’ என்றும் அச்சாகிறது, அதுதான் உறுத்துகிறது. நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி எவ்வளவு இருந்தால் மருந்தடிப்பது என்று எப்படிச் சொல்கிறார்கள், பாருங்கள். சிலந்தி இல்லாவிட்டால், தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் கண்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு (நாற்று நட்ட ஓர் இடத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். அதாவது சிலந்தியை எண்ணித்தான் மருந்து வேண்டுமா என்றே முடிவு செய்கிறோம். குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திதான் அங்கே நமக்குக் கூலியில்லாத ஆள். அதே விவசாயி அடுத்த வயலில் கத்திரி போட்டிருப்பார். அங்கே இலையின் அடியில் நூலாம்படை, மேலே வெளிறிய புள்ளிகள். ‘சிலந்தி தாக்கியிருக்கு, மருந்தடி’ என்கிறோம். எந்தச் சிலந்தியை விடுவது, எதைக் கொல்வது என்று அவர் குழம்பினால் அது அவர் குற்றமில்லை.

இந்தக் குழப்பம் வந்த வழியும் தெரிந்ததுதான். ஆங்கிலத்தில் ‘ஸ்பைடர் மைட்’ என்பது டெட்ரானிக்கிடே குடும்பத்துக்கு மட்டும் உரிய பெயர், அவை நூல் இழைப்பதால் வந்தது. தமிழாக்கியவர்கள் அடைமொழியை மொழிபெயர்த்துவிட்டுப் பெயர்ச்சொல்லைக் கைவிட்டுவிட்டார்கள். பிறகு நூலே இழைக்காத மிளகாய் மஞ்சள் மைட்டுக்கும், தென்னை ஈரியோபைட்டுக்கும் அதே ‘சிலந்தி’ ஒட்டிக்கொண்டது.

> அப்படியானால் ‘சிலந்திப்பேன்’ என்று வைத்துவிடலாமே. பேன் என்றால் சிறியது, சாறு உறிஞ்சுவது என்று யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். பேன் என்ற சொல் வயலில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. திரிப்ஸுக்கு இலைப்பேன், அசுவினிக்குச் செடிப்பேன். இரண்டும் பூச்சிகள், மைட் பூச்சி இல்லை. மிளகாயில் இந்தக் கலப்படம் நேரடியாகக் காசைக் கரைக்கும். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். மஞ்சள் மைட் என்றால் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகு மாதிரி ஆகும், காம்பும் நீளும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ‘இலைச் சுருட்டல்’தான். இலைப்பேனுக்குப் பயன்படும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி மைட்டைக் கட்டுப்படுத்தாது. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளை அடித்தால் இன்னும் மோசம். மைட்டைத் தின்னும் இரை விழுங்கிகள் முதலில் சாகும், மைட் தப்பிப் பெருகும். வெயில் காலத்தில் செஞ்சிலந்தி என்று நாம் சொல்லும் இனங்களுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அடித்த மருந்து கேட்கவில்லை என்று அடுத்த வாரம் இன்னும் வீரியமாக ஒன்றை அடிப்பார்கள். பூச்சிக்கொல்லி வேறு, மைட்டுக்கான மருந்து வேறு என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா? ‘பேன்’ அந்த வேலையைக் கெடுக்கும்.

> சங்க இலக்கியத்தில் ‘ஈயல் மூதாய்’ இருக்கிறது. அது மைட் தானே? மூதாய் என்றே எடுத்துக்கொள்வோம்.

இந்த மடலைப் படித்ததும் மகிழ்ச்சி. அகநானூற்றில் மழைக்குப் பின் செம்மண் வழியில் ஊரும் அந்தச் சிவந்த மூதாய், நாம் தம்பலப்பூச்சி, வெல்வெட் பூச்சி என்று பொறுக்கி விளையாடியதேதான். விலங்கியல்படி அது மைட் தான், சந்தேகமில்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் அழகான பிராணி, பயிரையும் கெடுப்பதில்லை. ‘மூதாய்க்கு மருந்தடி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் மூதாய் என்று வைத்துக்கொள்வோம். அகராதியில் அதற்கென்று ஒரு பதிவு கட்டாயம் வேண்டும்.

சரி, என் முன்மொழிவு: சிற்றுண்ணி. இது என் சொந்தச் சரக்கு இல்லை, அங்கங்கே புழங்குவதுதான். அதை நிலைநிறுத்துவோம் என்கிறேன். உண்ணி என்றால் மாட்டுண்ணி, நாயுண்ணி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மைட்டுக்கு உண்மையிலேயே நெருங்கிய உறவு சிலந்தி அல்ல, உண்ணிதான். செய்தித்தாள்கள் ஸ்க்ரப் டைபஸை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றனவே, அதைப் பரப்புவதும் ஒரு மைட்டின் குஞ்சுதான். ஆக, பாதி வேலையை மக்களே முடித்துவிட்டார்கள்.

வெறும் ‘உண்ணி’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்றுதான் நினைக்கிறேன். ‘உண்ணிக்கொல்லி’ என்று புட்டியில் போட்டால் மாட்டுக்கு அடிப்பதையும் மிளகாய்க்கு அடிப்பதையும் ஒன்றாக நினைத்துவிட வாய்ப்புண்டு. ‘சிற்றுண்ணிக்கொல்லி’ நீளம்தான், ஆனால் பாதுகாப்பு.

எதிர்ப்புகள் இரண்டு. ஒன்று, ‘ஒட்டுண்ணி’யோடு மோதுமே என்பது. பயிர்ப் பாதுகாப்பில் டிரைக்கோகிரம்மா போன்ற நன்மை செய்யும் குளவிகளை முட்டை ஒட்டுண்ணி என்கிறோம். இது நியாயமான கேள்வி. ஆனால் ஒட்டுண்ணி ஒரு வாழ்முறையின் பெயர், சிற்றுண்ணி ஓர் உயிரினத்தின் பெயர். சொற்றொடரில் வரும்போது பிரிந்துவிடும் என்று நம்புகிறேன். மற்றது, ‘சிற்றுண்டி’ போல ஒலிக்கிறது என்பது. உண்மைதான். கைப்பேசியின் தன்திருத்தம் என்னைக் கேட்காமலே இதைச் சிற்றுண்டி ஆக்குகிறது. ‘கத்திரியில் சிற்றுண்டித் தாக்குதல்’ என்று ஒரு நாள் அச்சாகத்தான் போகிறது. சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

‘செடியுண்ணி’ என்ற மாற்றை நான் ஏற்காததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். செடியைத் தின்னாத மைட்டுகள் ஏராளம். பைட்டோசீயுலஸ் மாதிரி, செஞ்சிலந்தியையே தின்று தீர்ப்பவை இருக்கின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பசுமைக்குடிலில் விடுகிறார்கள். அதைச் செடியுண்ணி என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? ‘இரை விழுங்கிச் சிற்றுண்ணி’ என்றால் பொருந்துகிறது. தேனீயின் மேல் ஒட்டும் வரோவா, மெத்தைத் தூசியில் இருப்பவை, சிரங்கு உண்டாக்குவது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தலைச்சொல் தாங்கும்.

ஆகவே பட்டியலில் இப்படிப் போடலாமா? ‘செஞ்சிலந்தி’ இனிச் செஞ்சிற்றுண்ணி, பேச்சில் செவ்வுண்ணி என்று சுருங்கினாலும் கெடுதல் இல்லை. மிளகாயில் மஞ்சள் சிற்றுண்ணி. அதன் பழைய பெயரான ‘முரணைச் சிலந்தி’யை அடைப்புக்குறியில் சில காலம் விட்டு வைப்போம், விவசாயிக்கு அடையாளம் தெரிய வேண்டும். சிலந்தி என்ற சொல் வலை பின்னுவதற்கும் ஓடி வேட்டையாடுவதற்கும் மட்டும், பயிரின் நண்பனாக.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஈரியோபைட். இலங்கையில் 1997-இல் கற்பிட்டிப் பக்கமும், கேரளத்தில் 1998-இல் எறணாகுளம் மாவட்டத்திலும் தென்னையில் தெரிந்து, பிறகு நம் தோப்புகளுக்கும் வந்தது. மலையாளத்தில் மண்டரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நாம் ‘ஈரியோபைட்’ என்றே பழகிவிட்டோம். குரும்பையின் காம்புப் பக்கத்து இதழ்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, வெளியே வெளிறிய முக்கோணத் தழும்பை மட்டும் காட்டும் இதைத் ‘தென்னைச் சிற்றுண்ணி’ என்றால் தென்னைக்குச் சரியாக வரும். ஆனால் மல்லிகை இலையில் வெள்ளைக் கம்பளி மாதிரி படர வைப்பதும் அதே குடும்பம்தான். குடும்பப் பெயராக ‘புழுவுண்ணி’ என்று யோசித்தேன். அது புழுவைத் தின்பது என்று பொருள் தந்துவிடுகிறது. ‘நாற்காலி உண்ணி’ பற்றிப் பேச்சே வேண்டாம். வேறு யோசனை இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். அதுவரை அந்தப் பதிவில் ‘ஈரியோபைட் சிற்றுண்ணி’ என்றே போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து ஒருவன்