பழைய ஹோம், புது லினக்ஸ் மின்ட்: நோட்டிஃபிகேஷன் ஒன்றுகூட வருவதில்லை

கும்பகோணம் அச்சகம்:
வணக்கம். கும்பகோணத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகைதான் முக்கால்வாசி வேலை. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை ஓய்வாக இருக்கும் என்று அப்போது லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ புதிதாகப் போட்டோம். பழைய டிசைன்கள் எல்லாம் இருப்பதால், யூசரின் ஃபைல்களும் செட்டிங்ஸும் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யவில்லை. அன்றிலிருந்து திரையில் எந்த நோட்டிஃபிகேஷனும் வருவதில்லை. பெண் வீட்டார் பெயரில் திருத்தம் என்று மெயில் வந்தால் தெரிவதில்லை, கரண்ட் போனால் பேட்டரி எச்சரிக்கை இல்லாமலே லேப்டாப் அணைந்துவிடுகிறது. இப்போது ஆவணி முகூர்த்த வேலைகள் வரிசையாக நிற்கின்றன. 'தொந்தரவு செய்யாதே' ஆஃப் ஆகத்தான் இருக்கிறது. சோதனைக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் நோட்டிஃபை-சென்ட் கமாண்டை டெர்மினலில் அடித்தால், புரோகிராமை இயக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று எரர் வருகிறது. பழைய சிஸ்டத்தை முன்பு கடையில் இருந்த ஒரு தம்பிதான் தன் விருப்பப்படி மாற்றி வைத்திருந்தார். எங்கே தேடுவது?

மன்னார்குடி லினக்ஸ்:
ஹோமுக்குள் செட்டிங்ஸ் இருக்கும் டாட் கான்ஃபிக் ஃபோல்டரை அப்படியே வேறு பெயருக்கு மாற்றிவிட்டு லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். எல்லாம் புதிதாக உருவாகும், வேலை முடிந்தது.

திருவையாறு டெர்மினல்:
அண்ணே, அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப், ஜிம்ப் செட்டிங்ஸ் எல்லாம் டாட் கான்ஃபிக்கில்தான் இருக்கின்றன, டைப்பிங் முறையை மாற்றும் ஐபஸ்ஸில் தமிழ் 99 கீபோர்டு வைத்திருந்தால் அந்த அமைப்பும் அதற்குள் இருக்கும் டிகான்ஃப் என்ற செட்டிங்ஸ் தொகுப்பில். முகூர்த்த நேரத்தில் டைப் அடிக்க முடியாமல் உட்கார வேண்டியதாகிவிடும். அதைவிட, உங்கள் எரரைப் பார்த்தால் கோளாறு அந்த ஃபோல்டரிலேயே இல்லை என்று தோன்றுகிறது.

முதலில் புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டு அதில் நோட்டிஃபை-சென்ட் அடித்துப் பாருங்கள். அங்கே வந்தால் சிஸ்டம் நன்றாக இருக்கிறது, பழைய ஹோமில் ஏதோ ஒரு ஃபைல்தான் குறுக்கே நிற்கிறது என்று உறுதியாகிவிடும்.

புரோகிராம்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் வழிதான் டி-பஸ். நோட்டிஃபிகேஷன் காட்டும் வேலைக்கு அதில் ஒரே ஒரு பெயர்தான், 'ஆர்க் டாட் ஃப்ரீடெஸ்க்டாப் டாட் நோட்டிஃபிகேஷன்ஸ்'. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும். யாரும் வைத்திருக்காத நேரத்தில் ஒரு செய்தி வந்தால், எந்தப் புரோகிராமை எழுப்புவது என்று டி-பஸ் சர்வீஸ் ஃபைல்களைப் பார்க்கும். உங்கள் ஹோமுக்குள் ஒன்று இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை, சிஸ்டம் யூஎஸ்ஆர்-க்குள் வைத்திருப்பது அதற்கு அப்புறம்தான். அதனால் ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல் எச் அழுத்தி மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லுங்கள். டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் டிபஸ்-1, அதற்குள் சர்வீசஸ். அங்கே ஏதாவது ஃபைல் இருந்தால் திறந்து 'எக்செக்' என்று தொடங்கும் வரியில் என்ன இருக்கிறது என்று இங்கே போடுங்கள். அழிக்க வேண்டாம்.

கும்பகோணம் அச்சகம்:
புது யூசரில் உடனே வந்துவிட்டது! நீங்கள் சொன்ன இடத்தில் ஒரு ஃபைல் இருக்கிறது, எக்செக் வரியில் யூஎஸ்ஆர், பின், டன்ஸ்ட் என்று இருக்கிறது. டன்ஸ்ட் என்றால் என்ன?

திருவையாறு டெர்மினல்:
அதேதான். டன்ஸ்ட் என்பது நோட்டிஃபிகேஷன் காட்டும் இன்னொரு புரோகிராம். பழைய சிஸ்டத்தில் இருந்தது, புதியதில் இல்லை. டி-பஸ் இன்னும் அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஃபைலை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். அப்புறம் டாட் கான்ஃபிக்கில், லாகின் ஆனதும் எவை தானாகத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரையும் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யின் சொந்த நோட்டிஃபிகேஷன் புரோகிராமான எக்ஸ்எஃப்சிஇ-4-நோட்டிஃபைடி பெயரில் ஒரு ஃபைல் இருந்து, அதில் 'ஹிட்டன்' ட்ரூ என்று இருந்தால் அதையும் நகர்த்த வேண்டும். அதே பெயரில் சிஸ்டம் வைத்திருக்கும் ஆட்டோஸ்டார்ட் ஃபைலை இது மறைத்துவிடும். டன்ஸ்ட்டைப் போட்டவர்கள் இரண்டும் மோதக்கூடாது என்று இப்படிச் செய்வது வழக்கம், அந்தத் தம்பி சரியாகத்தான் செய்திருக்கிறார். புரோகிராம் போன பிறகும் ஃபைல் மட்டும் ஹோமில் தங்கிவிட்டது. புரோகிராமை முழுதாக நீக்க ஏபிடி-யில் பர்ஜ் கொடுத்தால்கூட ஹோமுக்குள் இருப்பதை அது தொடாது.

கும்பகோணம் அச்சகம்:
இரண்டுமே இருந்தன, நகர்த்திவிட்டு லாக் அவுட் செய்து வந்தேன். நோட்டிஃபிகேஷன் வருகிறது, பிளக்கைப் பிடுங்கி வைத்துப் பார்த்ததில் பேட்டரி எச்சரிக்கையும் வந்தது. ரொம்ப நன்றி தம்பி. ஒன்று மட்டும், கீழ் மூலையில் மங்கலாக வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ செட்டிங்ஸ் இருக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப் ஃபோல்டரில் நோட்டிஃபைடி பெயரில் பழைய எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கிறது, அதை எடுத்துவிடலாமா?

மன்னார்குடி லினக்ஸ்:
அதை உள்ளே இருந்துகொண்டு எடுத்தால் பலன் இருக்காது. அந்தச் செட்டிங்ஸைக் கவனிக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற புரோகிராம் அந்த மதிப்புகளை மெமரியில் வைத்திருக்கும், பழையதையே திரும்ப எழுதிவிடலாம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் திறந்து இடத்தையும் ஒளிபுகும் அளவையும் அங்கேயே மாற்றுங்கள், அது போதும். டிகான்ஃப் பற்றித் திருவையாறு சொன்னது சரி, முழு ஃபோல்டரையும் மாற்றச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மயிலாடுதுறை ஐ3:
டன்ஸ்ட்டையே தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் இதைத் தேடி வந்தால் அவர்களுக்காக: 2021-இல் வந்த 1.7 பதிப்பில், நோட்டிஃபிகேஷன் பெட்டியின் அளவையும் இடத்தையும் சொல்லும் 'ஜியோமெட்ரி' வரி போய், விட்த், ஹைட், ஆரிஜின், ஆஃப்செட் என்று தனித்தனியாகிவிட்டது. டன்ஸ்ட்டின் செட்டிங்ஸ் ஃபைலான டன்ஸ்ட்ஆர்சி பழையதை அப்படியே வைத்திருந்தால் பெட்டி நீங்கள் வைத்த இடத்தில் வராது. டன்ஸ்ட்டை டெர்மினலில் இருந்து இயக்கிப் பாருங்கள், எந்த வரி பிடிக்கவில்லை என்று அதுவே சொல்லும்.